சிறிய காருக்குள் பெரிய வெயில்: கொழும்பில் ஈரிருக்கை ஸ்போர்ட்ஸ் கார்கள் குளிர மறுப்பது ஏன்?

அறை சிறிதென்றால் விரைவில் குளிரும் என்பது வீட்டுக்கு ஏ.சி. பூட்டிய எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதை அப்படியே காருக்கும் பொருத்திப் பார்ப்பவர்கள், இரண்டே பேர் அமரக்கூடிய ஹொண்டா எஸ்660, டைஹட்சு கோப்பன், மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒரு பெரிய வான் வண்டியைவிடச் சுலபமாகக் குளிர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஏப்ரல் மாத நண்பகலில் கொள்ளுப்பிட்டியில் வெயிலில் நின்ற அத்தகைய காரொன்றில் ஏறி, காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வெள்ளவத்தையில் இறங்கும்போது முதுகில் ஒட்டிய சட்டை அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிவிடும். ஏ.சி. பழுதாக இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி கராஜுக்குப் போகிறவர்களே அதிகம். பெரும்பாலான வேளைகளில் ஏ.சி. தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதன் தலையில் ஏற்றப்படும் சுமைதான் நாம் நினைப்பதைவிடப் பெரிது.

காருக்குள் தேங்கும் வெப்பத்தில் மிகச் சிறிய பங்கே காற்றில் இருக்கிறது. இரண்டு இருக்கைக் காரொன்றின் உட்புறத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கன மீற்றர் காற்று இருப்பதாகக் கொண்டால், அதன் நிறை இரண்டு கிலோகிராமைக்கூடத் தொடாது. அந்தக் காற்றை 50 பாகை செல்சியஸிலிருந்து 25 பாகைக்கு இறக்குவதற்கு 50 கிலோயூல் அளவான வெப்பத்தை அகற்றினால் போதும். 3 கிலோவாட் குளிர்விக்கும் திறனுள்ள ஏ.சி.க்கு அது அரை நிமிட வேலைகூட இல்லை. ஆனால் டாஷ்போர்ட், இருக்கைகள், கதவுகளின் உட்பலகை, ஸ்டியரிங், கூரையின் உட்புறம் என்று பல பத்துக் கிலோ பொருள்கள் வெயிலைக் குடித்துவிட்டு, குளிர்ந்த காற்று படும்போதெல்லாம் அதை மீண்டும் சூடாக்கிக்கொண்டே இருக்கின்றன. காற்று குளிர்ந்த பின்னரும் முகமும் முழங்காலும் எரிவதற்கு இதுவே காரணம். பெரிய காரில் டாஷ்போர்ட் நம்மிடமிருந்து ஒரு கை நீளம் தள்ளியிருக்கும். சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் அது மடிக்கு மேலேயே கிடக்கிறது. அதன் வெப்பக் கதிர்வீச்சுக்கு நாம் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 38 பாகைக்கு மேற்பட்ட கோடை வெயிலில் கார்களை நிறுத்தி அளந்து, 2018 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இதை எண்களில் காட்டுகிறது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உட்புறக் காற்று சராசரியாக 47 பாகையை எட்டியபோது, டாஷ்போர்ட் 69 பாகையையும், ஸ்டியரிங் 53 பாகையையும், இருக்கை 51 பாகையையும் எட்டியிருந்தன. நிழலில் நின்ற கார்களில் காற்று 38 பாகை, டாஷ்போர்ட் 48 பாகை. அதே ஆய்வில் சிறிய கார்கள் மினிவான்களைவிட விரைவாகச் சூடேறின. கொழும்பில் காற்றின் வெப்பநிலை அரிசோனாவின் அளவுக்கு ஏறுவதில்லை என்றாலும், சூரியன் அனுப்பும் வெப்பம் அங்குள்ளதைவிடக் குறைந்ததல்ல.

கொழும்பு வட அகலாங்கு 7 பாகைக்குச் சற்றுக் குறைவாக அமைந்திருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. சூரியன் இலங்கைக்கு நேர் மேலே இருக்கும் ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரையான நாள்களில் எந்தெந்த ஊர்களில் அது உச்சம் கொடுக்கும் என்பதை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். பஞ்சாங்கம் அக்கினி நட்சத்திரத்தை மே மாதத்தில் வைத்திருக்கலாம். கொழும்பில் காரோட்டுபவருக்கு அது மார்ச்சிலும் ஏப்ரலிலும் வந்துபோய்விடுகிறது, ஏனெனில் இரண்டு பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட அந்த மாதங்களில் காற்று அசைவதே அரிது. மே மாதப் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மேகத்தையும் காற்றையும் கொண்டுவந்துவிடும்.

சூரியன் உச்சியில் நிற்கும் வேளையில் மட்டமாகக் கிடக்கும் ஒரு சதுர மீற்றர் பரப்பின் மீது ஏறத்தாழ 1000 வாட் வெப்பம் விழுகிறது, அதாவது ஓர் இஸ்திரிப்பெட்டியின் அளவு. செங்குத்தான முன்கண்ணாடியுள்ள வானுக்குள் உச்சிச் சூரியனின் ஒளி அதிகம் புகுவதில்லை. ஸ்போர்ட்ஸ் காரின் முன்கண்ணாடியோ, காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டும் என்பதற்காகப் பின்னோக்கிச் சாய்ந்து படுத்திருக்கிறது. வடிவமைத்தவருக்கு அது அழகும் வேகமும். ஏழாம் அகலாங்கில் அது மொட்டைமாடியில் வைத்த கண்ணாடிக் கூரை. இதனாலேயே, நிறுத்தும்போது பக்கக் கண்ணாடிகளுக்குத் திரை போடுவதைவிட முன்கண்ணாடிக்கு மறைப்புப் போடுவதில்தான் பெரும் பலன் கிடைக்கிறது. வெள்ளிப் பூச்சுள்ள மடிப்பு மறைப்பை உள்ளே வைப்பவர்கள் அதைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்க வேண்டும். இடைவெளி விட்டால் நடுவில் சூடேறிய காற்று உள்ளேதான் வழியும். கண்ணாடிக்கு வெளியே போர்த்தும் துணி இன்னும் மேல், ஏனெனில் வெப்பம் கண்ணாடியைக் கடப்பதற்கு முன்பே தடுக்கப்படுகிறது. ஆனால் அதை ஒவ்வொரு முறையும் கழற்றி மடித்து வைக்க இந்தக் கார்களில் இடமிருப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாலை வெயிலுக்குக் கணக்கு வேறு. காலி வீதி கடலோரமாக வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது, நமது கார்களில் சாரதி வலப்புறம் அமர்கிறார். ஐந்து மணிக்குக் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைப் பக்கம் திரும்புகிறவரின் வலது கன்னத்திலும் வலது கையிலும் மேற்குச் சூரியன் முழுமையாக விழுகிறது. அதே நேரம் எதிர்த்திசையில் போகிறவரின் பக்கத்து இருக்கைக்காரர்தான் பாவம். பக்கக் கண்ணாடிகளுக்கு ஒட்டும் படலம் இங்கேதான் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் குளிர்ச்சி தரும் என்ற எண்ணம் தவறானது. சூரிய ஒளியின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. மலிவான கறுப்புப் படலம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைத்துவிட்டு, தானே சூடாகி அந்தச் சூட்டை உள்ளே கதிர்க்கிறது. தரமான செரமிக் படலம் தெளிவாகத் தோன்றினாலும் அகச்சிவப்பின் பெரும்பகுதியைத் தடுக்கிறது. இருண்ட கண்ணாடிகளைப் பொலிஸார் விரும்பாத நகரத்தில் இது இரட்டை நன்மை.

கூரையின் நிறமும் பொருட்படுத்தத்தக்கதே. கலிபோர்னியாவின் லோரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுகூடம் கறுப்பு, வெள்ளி நிறங்களில் ஒரே மாதிரியான இரண்டு கார்களை வெயிலில் நிறுத்தி 2011 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வெள்ளி நிறக் காரின் கூரை 25 பாகை வரையிலும் உட்புறக் காற்று 5 முதல் 6 பாகை வரையிலும் குறைவான வெப்பத்தில் இருந்தன. எம்எக்ஸ்-5 போன்ற கார்களின் கறுப்புத் துணிக்கூரை தலைக்குச் சில விரல் உயரத்தில்தான் இருக்கிறது என்பதால், அதன் சூடு நேரே உச்சந்தலையில் இறங்கும். மடியும் உலோகக் கூரையுள்ள கோப்பனை வெள்ளை நிறத்தில் தேடி வாங்குகிறவரை நான் ரசனையற்றவர் என்று சொல்லமாட்டேன்.

இதுவரை சொன்னது எந்த வெயில் நாட்டுக்கும் பொருந்தும். கொழும்பைத் துபாயிலிருந்தும் அரிசோனாவிலிருந்தும் பிரித்துவைப்பது ஈரம். 32 பாகை வெப்பமும் 70 வீத சாரீரப்பதனும் உள்ள ஒரு கிலோகிராம் காற்றில் ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கிறது. அந்தக் காற்று ஏ.சி.யின் குளிர்ந்த சுருள்களைக் கடந்து 10 பாகையில் வெளிவரும்போது அதனால் எட்டுக் கிராமுக்கும் குறைவான நீராவியையே தாங்க முடியும். மீதி 13 கிராமும் சுருள்களின் மீது நீராகப் படிய வேண்டும். காற்றை 22 பாகை குளிர்விப்பதற்கு ஏ.சி. அகற்றும் வெப்பம் 22 கிலோயூல் மட்டுமே. அந்த 13 கிராம் நீராவியை நீராக்குவதற்கு அகற்ற வேண்டிய மறைவெப்பமோ ஏறத்தாழ 33 கிலோயூல். அதாவது வெளிக்காற்றை உள்ளிழுத்துக்கொண்டு ஓடும் கொழும்புக் காரொன்றின் ஏ.சி. தன் சக்தியில் ஐந்தில் மூன்று பங்கைக் காற்றை உலர்த்துவதற்கே செலவிடுகிறது. மணிக்கு 300 கன மீற்றர் காற்றை அது இவ்வாறு கையாண்டால், 4 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர் காரின் அடியில் சொட்டும். வாகனத் தரிப்பிடங்களில் கார்களுக்குக் கீழே காணும் நீர்த்திட்டு, வெளிக்காற்றிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்ட கொழும்பின் ஈரமே.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர், காற்றை உள்ளேயே சுற்றவிடும் பொத்தானை இந்த நகரத்தில் வேறு கண்ணால் பார்ப்பார். ஒரு தடவை உலர்த்திய காற்றையே மீண்டும் சுற்றவிட்டால் ஈரச்சுமை பெருமளவு ஒழிந்து, அதே சிறிய ஏ.சி. இரட்டிப்புப் பலத்துடன் இயங்குவதுபோலத் தோன்றும். சிறிய காருக்கு இது இன்னும் முக்கியமானது. ஜப்பானின் 'கெய்' எனப்படும் சிறுவகைக் கார்களுக்கு 64 குதிரைவலு என்ற எல்லை உண்டு. 658 கன சென்ரிமீற்றர் எஞ்சினுள்ள எஸ்660 இல் ஏ.சி.யின் கொம்பிரசர் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு குதிரைவலுவும் காலடியில் உணரப்படும். ஆனால் சிறிய அறையில் மூடிய காற்று இன்னொரு தொல்லையையும் தருகிறது. இருவர் விடும் மூச்சின் காபனீரொட்சைட்டு ஒன்றரைக் கன மீற்றருக்குள் விரைவில் சேர்ந்து மந்தத்தையும் தூக்கத்தையும் வரவழைக்கும். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் காலி வரை ஓட்டுகிறவர் கால் மணிக்கொரு தடவையாவது வெளிக்காற்றைச் சற்று உள்ளே விடுவது நல்லது. அந்தச் சில நிமிட ஈரத்தை 100 கிலோமீற்றர் வேகத்தில் ஏ.சி. சுலபமாகச் சமாளிக்கும்.

ஈரத்தின் இன்னொரு குறும்பு மழைநாளில் தெரியும். 32 பாகையிலும் 70 வீத ஈரத்திலும் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 பாகை. ஏ.சி.யின் குளிர்காற்றை முன்கண்ணாடியை நோக்கித் திருப்பினால் கண்ணாடி அதற்குக் கீழே குளிர்ந்து, மூடுபனி வெளிப்புறத்தில் படிகிறது. உள்ளே துணியால் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனவர்களைக் கண்டிருக்கிறேன். வைப்பரை ஒருமுறை ஓட்டிவிட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கினால் தீர்ந்தது. நீர் வெளியேறும் குழாயில் இலையும் தூசும் அடைத்துக்கொண்டால் அந்த லீற்றர்க் கணக்கான தண்ணீர் பயணியின் காலடிக்கு வரும். என் நண்பர் ஒருவர் தன் காரின் துணிக்கூரை ஒழுகுகிறதென்று நம்பி அதை மாற்றுவதற்கு விலை பேசி முடித்த பிறகே, ஒரு கம்பித்துண்டு அந்தக் குழாய்க்குள் போய்வந்தது. கூரை அன்று வரை ஒழுகவே இல்லை.

மேலிருந்து வருவது வெயில் என்றால், கீழிருந்து வருவது எஞ்சினின் வெப்பம். முன்புற எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் உள்ள எம்எக்ஸ்-5 இல், கியர்ப்பெட்டியும் புகைபோக்கிக் குழாயும் இரு இருக்கைகளுக்கும் நடுவே செல்லும் உலோகச் சுரங்கத்தின் வழியாகவும் அதன் அடியாலும் செல்கின்றன. கியர்த் தண்டின் அடியில் இருக்கும் றப்பர் உறை பழைய கார்களில் வெடித்துக் கிழிந்துவிட, அதன் வழியே சூடான காற்று நேராக முழங்கைக்கு வருகிறது. விலை குறைந்த இந்த உறையை மாற்றியபின் ஏ.சி.யே புதிதானதுபோல உணரும் உரிமையாளர்கள் உண்டு. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் அமைந்த எஸ்660 இலும் பழைய ஹொண்டா பீற்றிலும் ரேடியேற்றர் முன்னால் இருப்பதால், 90 பாகை அளவான நீர் குழாய்களில் காரின் நீளம் முழுவதும் போய்வருகிறது. உட்காருமிடம் இரு சூடுகளுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. சுரங்கத்தின் மேற்புறத்திலும் எஞ்சினைப் பிரிக்கும் சுவரிலும் வெள்ளித்தாள் பதித்த காப்புப் பாய் ஒட்டுவது இங்கே மிகுந்த பயன் தரும். எஞ்சினின் சூடான நீர் ஓடும் ஹீற்றர்ச் சுருளைக் காற்றிலிருந்து மறைக்கும் மடலின் நுரைப்பஞ்சு உதிர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உதிர்ந்திருந்தால் ஏ.சி. ஒருபக்கம் குளிர்விக்க, ஹீற்றர் மறுபக்கம் சூடாக்கும். இங்கிலாந்தின் குளிருக்காக 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட ட்ரையம்ப் ஸ்பிற்ஃபயர் போன்ற கார்களைக் கொழும்பில் பேணி வைத்திருப்பவர்கள் ஹீற்றருக்குப் போகும் நீரையே அடைத்துவிடுவது நியாயமான காரியம். இந்த ஊரில் அதற்கு வேலை வரப்போவதில்லை.

ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நிற்கும்போது சூடாகும் ஏ.சி.யைப் பற்றித்தான் முறைப்பாடு அதிகம். காருக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே கொட்டும் கொண்டென்சருக்கு எதிர்க்காற்று வேண்டும். மூக்குத் தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காரில் அதற்குக் கிடைக்கும் வாய் சிறியது, அதுவும் தார்வீதியின் கொதிப்புக்கு மிக அருகில். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது கொம்பிரசரும் மெதுவாகச் சுழல்கிறது. பொனட்டுக்குள் சூடேறிய காற்று ரேடியேற்றரின் ஓரங்களைச் சுற்றி மீண்டும் முன்னால் வந்து கொண்டென்சருக்குள்ளேயே நுழைகிறது. ஏ.சி.க்குள் சுற்றிவரும் ஆர்-134ஏ வாயு 50 பாகையில் திரவமாவதற்கு ஏறத்தாழ 13 பார் அழுத்தம் போதும், 70 பாகையிலோ அது 21 பாரை எட்டும். அழுத்தம் ஏற ஏறக் குளிர்ச்சி குறைந்து, கொம்பிரசரின் ஆயுளும் தேய்கிறது. ஆகவே இந்தக் கார்களில் முதலில் பார்க்க வேண்டியவை கொண்டென்சரின் விசிறி முழு வேகத்தில் சுழல்கிறதா, அதன் ஓரங்களில் காற்று திரும்பிவராமல் தடுக்கும் நுரைப்பட்டிகளும் கீழ்த்தகடும் இருக்கின்றனவா என்பவையே. விபத்தொன்றுக்குப் பிறகு கீழ்த்தகட்டைப் பூட்டாமலே விட்டுவிடும் வழக்கம் பரவலாக உண்டு, அது வெறும் அழகுக்காக வைத்த தகடல்ல. மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களின் கொண்டென்சர்ச் செதில்களைக் கடற்காற்றின் உப்பு அரித்து உதிர்ப்பதால், நல்ல தண்ணீரால் அடிக்கடி மெதுவாகக் கழுவுவது அவசியம். அழுத்தத்துடன் பீச்சியடித்தால் செதில்கள் மடிந்து அடைபட்டுவிடும்.

இவற்றையெல்லாம் பார்க்காமல் 'காஸ்' அடித்துவிடுவதே நம்மிடையே உள்ள முதல் வைத்தியம். மூடிய சுற்றில் ஓடும் வாயு பெற்றோலைப்போலச் செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். சிறிய கார்களின் ஏ.சி. கொள்ளும் வாயு அரைக் கிலோ அளவில்தான் இருக்கும் என்பதால், 50 கிராம் கூடினாலோ குறைந்தாலோ பத்திலொரு பங்கு பிசகிவிடும். அழுத்தமானியை மட்டும் பார்த்துக் குத்துமதிப்பாக நிரப்பாமல், நிறுத்து நிரப்புகிற கராஜைத் தேட வேண்டும். சுற்றைத் திறந்து வேலை செய்த பிறகு வெற்றிடமாக்கும் பம்பை அவசரமின்றி ஓடவிடுவதும் கொழும்பில் தவிர்க்கக்கூடாதது, ஏனெனில் உள்ளே புகுந்த ஈரக்காற்றின் நீர் வால்வின் நுண்துளையில் உறைந்து, ஏ.சி. விட்டுவிட்டுக் குளிரச் செய்யும்.

பீற், சுசுகி கப்புச்சினோ போன்ற 1990களின் தொடக்கக் கார்கள், ஓசோனை அரிக்கும் ஆர்-12 என்ற பழைய ஏ.சி. வாயுவின் காலத்தவை. ஓசோன் படையைக் காக்கும் 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989 இல் இணைந்தது. அந்த வாயுவின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றை ஆர்-134ஏக்கு மாற்றும்போது அழுத்தம் உயர்வதால், பழைய கொண்டென்சரை அப்படியே வைத்துக்கொண்டால் நெரிசலில் குளிர்ச்சி போதாமல் போகும். சமையல் எரிவாயுவின் உறவினர்களான ஹைட்ரோகாபன் கலவைகளை நிரப்பித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அவை நன்றாகவே குளிர்விக்கும். ஆனால் கசிந்தால் அந்தத் தீப்பற்றும் வாயு சேரும் இடம் நாம் அமர்ந்திருக்கும் ஒன்றரைக் கன மீற்றர்தான் என்பதால் அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன். 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை நீடித்த வாகன இறக்குமதித் தடை இங்குள்ள ஸ்போர்ட்ஸ் கார்களை ஐந்து ஆண்டுகள் மேலும் முதுமையாக்கியது. பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைத்த வேறொரு காரின் கொண்டென்சரை வெட்டி ஒட்டிப் பூட்டிய கார்கள் இன்றும் ஓடுகின்றன. அளவு பொருந்தினாலும் காற்றுவழி பொருந்தியிருக்கிறதா என்பதை மீண்டும் பார்ப்பது வீண்போகாது.

நிறுத்துமிடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அடுக்குமாடியின் கீழ்த்தளம் கிடைத்தவர் பாக்கியசாலி. வீதியோர மழைமரங்களின் நிழல் டாஷ்போர்டை இருபது பாகை குறைத்துவைக்கும் என்பதை மேற்சொன்ன அரிசோனா ஆய்வே காட்டுகிறது, ஆனால் அந்த நிழலுக்குக் கொழும்புக் காகங்கள் வாடகை வாங்காமல் விடுவதில்லை. துணிக்கூரையில் காக எச்சம் காய்ந்தால் கறை போகாது. நிழல் கிடைக்காத இடத்தில் ஸ்டியரிங்கை அரைவட்டம் திருப்பி நிறுத்தினால், பிறகு கை பிடிக்கும் பகுதி வெயில் படாமல் கீழே இருக்கும். கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவைப்பதால் பெரிய மாற்றமில்லை என்பதை 2005 இல் வெளியான ஸ்டன்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. வெப்ப ஏற்றத்தின் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது என்றும் அது கண்டது. 'இரண்டு நிமிடம்' என்று சொல்லிக் குழந்தையைக் காருக்குள் விட்டுச் செல்வது ஏன் கூடாது என்பதற்கு அந்த ஒரு கணக்கே போதும்.

ஏறியவுடன் செய்ய வேண்டியது எளிது. இரு கண்ணாடிகளையும் முழுதாக இறக்கி, விசிறியை உச்சத்தில் வைத்து, முதல் சில நூறு மீற்றர்களை அப்படியே ஓட்டினால் உள்ளே கொதித்த காற்று வெளியேறிவிடும். பிறகு கண்ணாடிகளை ஏற்றி, காற்றை உள்ளேயே சுற்றவிட வேண்டும். அதற்கு முன்பே அந்தப் பொத்தானை அழுத்தினால், வெளிக்காற்றைவிடச் சூடான காற்றை ஏ.சி. சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கப் பாடுபடும்.

கூரை திறக்கும் கார்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி எஞ்சியிருக்கும்: கூரையை எப்போது திறப்பது? டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பெப்ரவரி வரை கொழும்பின் அதிகாலைகள் 22, 23 பாகைக்கு இறங்கி ஓரளவு உலர்ந்தும் இருக்கும். கூரையைத் திறந்து ஓட்டுவதற்கு அவையே உகந்தவை. கடற்காற்று வீசும் மாலைகளில் மரைன் டிரைவில் திறந்து போவது இனிமையானதே, ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கைத் துணியும் தரைவிரிப்பும் கடலோரத்து ஈரத்தை ஊறவைத்துக்கொள்கின்றன. கூரையை மூடி ஏ.சி.யைப் போட்டால் அந்த ஈரத்தையெல்லாம் அது முதலில் பிழிந்தெடுக்க வேண்டியிருப்பதால், வழக்கத்தைவிடத் தாமதமாகவே குளிரும். அன்றிரவு காரின் அடியில் தண்ணீர் அதிகமாகச் சொட்டுவதைக் கண்டு கராஜுக்கு ஓட வேண்டியதில்லை.